பஸ் பாட்டின் பன்னிரண்டாவது குரல்

முப்பத்தோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு சந்திரமௌலி வீடுதான். சாந்தோமில் ஏழு மணிப் பூசை முடிந்ததும் கச்சேரி ரோடு வழியாக நடப்பேன். கால் மணி நேரத்தில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் அவன் தெரு வந்துவிடும். என் தோள்பையில் நாலைந்து இசைத்தட்டுகள் இருக்கும். அவன் மனைவி ஜானு காபி கொடுப்பார். பிறகு மத்தியானம்வரை எங்களுக்கு ஒரே வேலை. ஒரே பாட்டை இரண்டு பேர் பாடிய இரண்டு தட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டு, யார் பாடியது உசத்தி என்று சண்டை போடுவது.

நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள். அவன் வீட்டில் அப்பா வயலின், அத்தை வாய்ப்பாட்டு. எங்கள் வீட்டில் எல்லாரும் மாதா கோயில் பாடகர் குழு. எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்துப்போனதோ இரண்டு வீட்டிலும் யாருக்கும் பிடிக்காத சங்கீதம். கப்பலில் வேலை பார்த்த என் மாமா ஒருமுறை லீவில் வந்தபோது, அமெரிக்கக் கறுப்பின மக்கள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பாடிய சோல், ஃபங்க் தட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து, எங்கள் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று சொல்லிவிட்டு நானும் மௌலியும் அதைக் கேட்டோம். மௌலி எப்படியோ பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி, பிற்பாடு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனான். நான் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மேன் ஆனேன்.

பட்டறைச் சத்தத்தில் என் காதுதான் முதலில் போகும் என்று எல்லாரும் சொல்வார்கள். மௌலியும் சொல்லியிருக்கிறான். "பஞ்சு வெச்சுக்கோடா டெரன்ஸ். செவிட்டுக் காதை வெச்சுண்டு என்னோட எப்படி வாதாடுவே?" என்பான்.

எங்கள் சண்டைகளில் பெரியது 'பஸ் பாட்டு'. அதற்கு நிஜப் பெயர் வேறு. நாங்கள் வைத்த பெயர் அது. ஊரைவிட்டுப் போகிற ஒருத்தி பஸ் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, வழியனுப்ப யாராவது வருவார்களா என்று பார்த்தபடி பாடுகிற பாட்டு. முதலில் பாடியது அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் பாத்திரம் கழுவிப் பிழைத்த ஒரு பெண். நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்றுகிற சின்னத் தட்டு, மூன்று நிமிஷம்கூட இல்லை. அதற்குப் பிறகு பலரும் அதைத் திரும்பப் பாடினார்கள். ஜமைக்காவில் ஒரு ஆண்கள் குழு, பிரேசிலில் ஒருத்தி, ஒரு தேவாலயக் குழு இப்படி. முதல் தட்டையும் சேர்த்து எங்களிடம் பதினோரு குரல்கள் இருந்தன. மூலத்தை யாரும் தொட முடியாது என்பேன் நான். "மூலத்துல அவளுக்கு என்ன நடக்கப்போறதுன்னு அவளுக்கே தெரியாது. திரும்பப் பாடறவாளுக்குத் தெரியும். அதனாலதான் அவா பாடறதுல துக்கம் ஜாஸ்தி" என்பான் அவன்.

பன்னிரண்டாவது ஒன்று இருப்பதாகக் கேள்வி. எழுபதுகளில் மெட்ராஸ் ஹோட்டல்களில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு குழு, ஆனி என்ற பெண்ணைப் பாடவைத்து அந்தப் பாட்டைப் பதிவு செய்து, முந்நூறு தட்டு மட்டும் போட்டதாம். இருபத்திரண்டு வருஷம் தேடினோம். வெளிநாட்டில் இருக்கும் சேகரிப்பாளர்கள் இணையத்தில் வைத்திருந்த குழுவில் மௌலி மாதாமாதம் கேட்பான். எங்கள் சர்ச் பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுவில் நானும் எப்போதோ ஒரு தடவை எழுதிப் போட்டிருந்தேன்.

போன வருஷம் செப்டம்பரில் கரோல் என்கிற அம்மா போன் செய்தார். திருவான்மியூரில் இருக்கிறார். அவருடைய அண்ணன் அந்த ஹோட்டல் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், ஆகஸ்டில் இறந்துவிட்டார். "அவரோட அலமாரியில ஒரு தட்டு இருக்கு தம்பி. எங்க யார்கிட்டயும் அதைப் போடற மெஷின் இல்ல. நீங்க எடுத்துக்குங்க" என்றார்.

பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். உறையே இல்லை. தட்டில் ஒரு பக்கத்துக் காகிதத்தைப் பூச்சி அரித்திருந்தது. இன்னொரு பக்கத்தில் குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் மங்கலாகத் தெரிந்தன. கரோல் அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அதைப் போட்டுக் கேட்கவில்லை. மௌலியோடுதான் முதலில் கேட்க வேண்டும் என்று மூன்று நாள் அடக்கிக்கொண்டு இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மௌலி வாசலிலேயே நின்றான். "எடுத்துண்டு வந்தியா?" என்று மட்டும் கேட்டான்.

அவன் ரூமில் பெரிய மர ஸ்பீக்கர் பெட்டி உண்டு. அதை ஒட்டியே அவன் நாற்காலி. பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். பெயர் தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி தட்டை வைத்து ஊசியை இறக்கினேன்.

டிரம்ஸ், பிறகு ஆர்கன், பிறகு பாஸ் கிடார். பஸ் பாட்டின் மெட்டேதான். குரல் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முதல் சரணம் போய்விட்டது, ஆர்கன்தான் மெட்டை வாசித்தது. லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்கள், இது பி சைடு என்கிற பின்பக்கம், வெறும் வாத்தியம் என்று எனக்கு அப்போது புரிந்தது. சிரிப்புகூட வந்தது. தட்டைத் திருப்பிப் போடலாம் என்று எழுந்து மௌலியைப் பார்த்தேன். அவன் தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, விரல்கள் தாளம் போட்டன. ரசிக்கிறவனைக் கலைக்க வேண்டாம், முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

முடிந்ததும் கண்ணைத் திறந்தான். கண்ணெல்லாம் ஈரம்.

"பாடறாடா. பிரமாதமா பாடறா" என்றான். "ரெண்டாவது சரணத்துல தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாடி வரா பார், அது நம்மூர்க்காரிக்குத்தான் வரும். சர்ச்சுல பாடின குரல். உனக்கு என்ன தோணறது?"

ரூம் வாசலில் ஜானு காபி டம்ளரோடு நின்றிருந்தார். அவர் பக்கம் திரும்பினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா மௌலி" என்றேன். "நல்லா கீது."

அன்றைக்கு நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். வழியில் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். தெருவே அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது மௌலி மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. போன் பேசுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மெசேஜில் அனுப்பச் சொன்னான். என்ன தட்டு கொண்டுவருகிறேன் என்று முதல் நாளே கேட்பான். முன்பெல்லாம் சொல்லாமல் கொண்டுபோய்த் திகைக்க வைப்பதுதான் எங்கள் வழக்கம். போன வருஷம் ஒருநாள், "அந்த மீசையை எடுத்துடேன்டா, கிழவன் மாதிரி இருக்கே" என்றான். நானும் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டேன். என் உதடு அவனுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் ஜானு போன் செய்தார். காய் வாங்க வந்த இடத்திலிருந்து பேசினார்.

"பதினாலு மாசம் ஆச்சு டெரன்ஸ். ஒருநாள் கார்த்தால எழுந்துக்கறச்சே வலது காது சுத்தமா இல்ல. ஊசியெல்லாம் போட்டா. ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. அப்பறம் இடதும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுத்து. காதுக்குள்ள சின்னதா ஒரு மெஷின் வெச்சிண்டிருக்கார், வெளில தெரியாது. பேச்சு பாதி கேக்கும், பாதி வாயைப் பாத்துப் புரிஞ்சுப்பார். பாட்டுன்னா ஒரே கரகரன்னு இரைச்சல்தான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிண்டார். சொன்னா நீங்க ஞாயித்துக்கிழமை வரதை நிறுத்திடுவேள்னு பயம். நீங்க சனிக்கிழமை தட்டோட பேரை அனுப்பினதும் ராத்திரி பூரா உக்காந்து அதைப் பத்திப் படிப்பார். பழைய தட்டெல்லாம் மனசுலயே இருக்கு. இந்த மெட்ராஸ் தட்டைப் பத்திப் படிக்கத்தான் எதுவும் இல்ல."

"நான் தெரியாத மாதிரியே இருந்துடறேன்" என்றேன்.

அப்படித்தான் இருந்தேன், ஐந்து வாரம். தட்டைப் போடுவேன், அவன் பேசுவான், நான் வாதாடுவேன். அவன் சொன்னதில் பாதி சரியாகவே இருக்கும். நாற்பது வருஷமாகக் கேட்ட பாட்டுகளாயிற்றே. ஆனால் அவன் கண்ணை மூடுகிற ஒவ்வொரு தடவையும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மெட்ராஸ் தட்டை வீட்டில் திருப்பிப் போட்டுக் கேட்டிருந்தேன். அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது வாரம் அவன் உற்சாகமாக இருந்தான். "அந்த இணையக் குழுவுல எழுதப்போறேன்டா. உலகத்துலயே யாரும் கேக்காத குரல். நாலு பக்கம் எழுதி வெச்சிருக்கேன், அவ எங்க மூச்சு எடுக்கறா, எங்க விடறான்னு எல்லாம். நீ ஒருதரம் அந்தத் தட்டைப் போடு, கடைசியா சரிபாத்துக்கறேன்" என்றான்.

குழுவில் இருப்பவர்கள் லேசானவர்கள் இல்லை. பதிவைக் கேட்பார்கள். குரலே இல்லாத பக்கத்தில் மூச்சு எடுத்தாள் என்று எழுதியவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தப் பயத்தோடு எனக்குக் கோபமும் வந்தது. இத்தனை வருஷ சிநேகிதத்தில் என்னிடம் சொல்ல முடியாதா என்று ஐந்து வாரமாக அடக்கிய கோபம். அவனே வாயைத் திறந்து சொல்லட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் செய்தது அந்த நினைப்பில்தான் என்றாலும், அதற்கு மன்னிப்புக் கிடையாது.

அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, தட்டைச் சுழலவிட்டேன். ஊசியை இறக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மௌலி பெட்டியின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தான். அதிர்வு இல்லை என்று இரண்டு நொடியில் கண்டுபிடித்துவிடுவான், கண்ணைத் திறப்பான், பேசிவிடலாம் என்றுதான் எதிர்பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மெட்ரோக்காரர்களின் இயந்திரம் இடிக்க ஆரம்பித்தது. தரை லேசாக அதிர்ந்தது. பெட்டியும் அதிர்ந்திருக்க வேண்டும். மௌலியின் விரல்கள் அதற்குத் தாளம் போட்டன. தலை ஆடியது. முகத்தில் அதே ரசிப்பு.

எழுந்து போய் அவன் தோளைத் தொட்டிருக்கலாம், இல்லை ஊசியையாவது இறக்கியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன்.

"டெரன்ஸ்" என்று வாசலிலிருந்து ஜானுவின் குரல் கேட்டது. அவ்வளவுதான் சொன்னார். அது மௌலிக்குக் கேட்டிருக்காது. ஆனால் இயந்திரம் நின்றது, அவன் கண்ணைத் திறந்தான். சுழலும் தட்டைப் பார்த்தான். அதற்குமேல் இறங்காமல் நிற்கும் ஊசிக் கம்பியைப் பார்த்தான். பிறகு என்னை.

"எத்தனை வாரமாத் தெரியும்?"

"அந்தத் தட்டைப் போட்ட அன்னிலேர்ந்து."

"ஆறு வாரம்" என்றான். "ஆறு வாரமா நான் உளறினதையெல்லாம் உக்காந்து பாத்துண்டிருந்திருக்கே."

"நீ பதினாலு மாசம் என்னை ஏமாத்தலையா?" என்றேன்.

"உன்னை எங்கடா ஏமாத்தினேன்? ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் காது இருக்கறவனா இருந்துக்கறேன்னு என்னை நானே ஏமாத்திண்டேன். நீ வேடிக்கை பாத்தே." சத்தமே இல்லாமல் பேசினான். பெட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "போயிட்டு வாடா. அடுத்த வாரம் வராதே."

அதற்குப் பிறகு பூசை முடிந்தால் நான் கச்சேரி ரோடு பக்கம் திரும்பவில்லை. மெசேஜ் அனுப்பினேன், மன்னிப்புக் கேட்டு நாலைந்து தடவை. படித்துவிட்டான் என்று தெரிந்தது, பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுபோனேன். ஜானு வாங்கிக்கொண்டு, "அவர் தூங்கறார்" என்றார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல் படம் மட்டும்.

ஜனவரியில் அவனுக்கு ஆபரேஷன் நடந்தது. மண்டைத் தோலுக்கடியில் ஒரு கருவியை வைத்து, வெளியே காதுக்குப் பின்னால் ஒரு வட்டத் துண்டை ஒட்டவைத்தார்கள். பேச்சு கேட்கும், பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தாராம். இதெல்லாம் ஜானு போனில் சொன்னது. பிப்ரவரி கடைசியில் மறுபடி கூப்பிட்டார்.

"நான் பேசறது புரியறதாம். ரோபோ பேசற மாதிரி இருக்காம். நேத்திக்கு அந்த ரூமுக்குப் போய் ஒரு தட்டைப் போட்டுப் பாத்தார். அரை நிமிஷம் இருக்கும். நிறுத்திட்டு வெளில வந்து கதவைச் சாத்திட்டார். சாப்பிடல. நீங்க வாங்கோ டெரன்ஸ். திட்டினாலும் பரவாயில்ல, வாங்கோ."

பட்டறையிலிருந்து நேரே போனேன். சட்டையெல்லாம் எண்ணெய். மௌலி பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காதுக்குப் பின்னால் சிரைத்த இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலியின் மேலிருந்த செய்தித்தாளை எடுத்தான். உட்கார்ந்தேன்.

"தப்பு பண்ணிட்டேன் மௌலி."

"தெரியும்" என்றான். "முத நாளே எப்படிடா கண்டுபிடிச்சே? நான் அப்படி என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

சொன்னேன். லேபிள் மாறியிருந்ததையும், அது குரலே இல்லாத பி சைடு என்பதையும். அவன் அதை எதிர்பார்க்கவில்லை. முதலில் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான், தோள் குலுங்கியது. "சர்ச்சுல பாடின குரல்னு வேற சொன்னேனே" என்றான். சிரிப்பு நின்றதும், "திருப்பிப் போட்டுக் கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்."

"எப்படிப் பாடறா?"

அங்கே ஒரு நொடி யோசித்தேன். அவன் நாலு பக்கம் எழுதிவைத்த குரலை அவனுக்கே திரும்பக் கொடுத்துவிடலாம், பிரமாதம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த விஷயத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் பொய் சொன்னதெல்லாம் போதும் என்று தோன்றியது.

"நல்லா இல்ல மௌலி" என்றேன், வாயை நன்றாகத் திறந்து. "சுருதி நிக்கல. ரொம்பக் களைச்சுப்போன குரல். டிரம்ஸ் அவசரப்படுது, அவ பின்னாடியே ஓடறா. கடைசிச் சரணத்துல ஒரு வரியை மறந்துட்டு ஏதோ முணுமுணுக்கறா. பதினோரு குரல்ல எதோட பக்கத்துலயும் அதை வைக்க முடியாது."

"பொய் சொல்லலையே?"

"இல்ல."

அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அவன் அப்பா போன அன்றைக்கு அழுததுதான் நான் பார்த்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

"அவ மோசமாப் பாடினதையாவது நான் கேட்டிருக்கணும்டா" என்றான். "இருபத்திரண்டு வருஷம் தேடினோமே. மோசம்னு நான் சொல்லியிருக்கணும். நீ இல்லடா அவ்ளோ மோசம் இல்லன்னு சண்டை போட்டிருக்கணும்."

என் கையில் எண்ணெய் இருந்தது. பரவாயில்லை என்று அவன் முதுகில் வைத்தேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஜானு அடுப்பை அணைத்துவிட்டு, பால்கனிப் பக்கம் வராமல் சமையலறையிலேயே நின்றுகொண்டார்.

அடுத்த மாதம் அவனுடைய தட்டுகளையெல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டு ஹாலில் அட்டைப்பெட்டிகளாக அடுக்கியிருக்கிறது. இன்னும் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. என் தட்டுகளையும் நான் போடுவது குறைந்துவிட்டது. போட்டால், கேட்டு முடித்ததும் யாரிடம் சொல்வது என்று தெரிவதில்லை. பஸ் பாட்டின் தட்டுகளை மட்டும் அவன் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இப்போதும் போகிறேன், பை இல்லாமல். அந்த ரூமில் உட்காருவதில்லை. வெயில் ஏறுவதற்குள் இரண்டு பேரும் கடலோரம் லூப் ரோடு பக்கம் நடந்துவிட்டு வருவோம். போன வாரம் நொச்சிக்குப்பத்தில் நான் சங்கரா மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மீன் நாற்றம் ஆகாது என்பதால் மௌலி வழக்கம்போல் பத்தடி தள்ளி, கரையில் இழுத்துவிட்டிருந்த ஒரு படகின் நிழலில் நின்றான். மீன்காரம்மா, "இன்னா சார், உங்க கூட்டாளி எப்பவும் தூரமாவே நிக்கறாரு" என்றார். கழுவி வெட்டிக் கொடுத்த பையை வாங்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கடல் சத்தம் அவனுக்குத் தகரத்தில் ஆணி கொட்டுவதுபோல் இருக்கிறதாம். காதுக்குப் பின்னாலிருந்த துண்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் பட்டறையில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டேன். இரண்டு பேரும் வெயில் படகின் நிழலைத் தாண்டி எங்கள் காலில் படும்வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு மீன் கெட்டுவிடும் என்று நான்தான் முதலில் எழுந்தேன்.